ஒரு மொட்டைக்கு ஒரு சாவு

என் அப்பாவைப் பார்க்கப் போகிறேன், அன்ரி. அவருக்குச் செத்தவீடு நடத்தி, எட்டாம் நாள் எட்டுச் செலவும் செய்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்து, ஐயருக்குக் குடையும் செருப்பும் கொடுத்து அனுப்பிவிட்டோம். இப்போது மன்னார்ப் பக்கம் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறாராம்.

ஏன் தள்ளி இருக்கிறீர்கள்? எனக்கு விசர் இல்லை. 'தனியப் பிள்ளை எங்க போறீர், கொப்பர் இருக்கிறாரோ' என்று நீங்கள்தானே கேட்டீர்கள். இரண்டுக்கும் சேர்த்துத்தான் பதில் சொன்னேன். சுற்றி வளைத்துக் கதைக்க எனக்கு வராது. பத்தாம் வகுப்பில் கணக்கு ரீச்சருக்கு 'உங்களுக்கே விளங்கேல்லை, எங்களுக்கு எப்பிடி விளங்கும்' என்று சொல்லி வெளியே நின்றவள் நான். பிறகு உள்ளே போகவேயில்லை. போக நினைத்தாலும் பள்ளிக்கூடம் இருக்கவில்லை. வந்த ஆமி அதைக் காம்ப் ஆக்கி, மேசை வாங்குகளைக் கொத்தி எரித்துச் சப்பாத்தி சுட்டது.

எந்த ஆமி என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் ஒட்டுக் கேட்கிற காது நிறைய. கடலுக்கு அங்கால் இருந்து வந்த ஆமியை வந்த ஆமி என்பேன். துவக்குத் தூக்கின எங்கட பெடியளில் பெரிய இயக்கம் ஒன்று, சின்ன இயக்கம் ஒன்று. உங்களுக்கு விளங்கும்.

வந்த ஆமி எதற்கு வந்தது? எல்லாரிடமும் துவக்கை வாங்கிச் சமாதானம் செய்ய வந்தது. நாங்களும் மாலை போட்டோம். நானே போட்டேன். ஒரு சிப்பாய் குனிந்து வாங்கிக்கொண்டு என் கன்னத்தைக் கிள்ளினான். கொஞ்ச நாளில் பெரிய இயக்கத்தோடு அடிபாடு தொடங்கிவிட்டது. அடக்க முடியவில்லை என்றதும் என்ன செய்தாங்கள்? சின்ன இயக்கத்தைக் கூப்பிட்டுத் துவக்கைக் குடுத்தாங்கள். வாங்க வந்தவன் குடுக்கிறான்! சின்ன இயக்கத்திடம் துவக்குத்தான் இருந்தது, தூக்குவதற்கு ஆள் இல்லை. அதனால் பிள்ளை பிடிக்கத் தொடங்கினாங்கள்.

அண்ணன் கேதீஸை மண்ணெண்ணெய் வரிசையில் வைத்துப் பிடித்தாங்கள். கையில் போத்தலோடு வானுக்குள் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக் காம்புக்குக் கொண்டு போனாங்கள். ஓடினால் அடையாளம் தெரியவேண்டும் என்று பிடிக்கிற எல்லாருக்கும் முதல் வேலையாக மொட்டை. பிறகு பிளாஸ்டிக் குழாயில் மண்ணை அடைத்து முதுகில் அடி. அழுதால் கூட அடி. ஒரு பெடியன் மதில் ஏறிக் குதித்திருக்கிறான். காலில் சுட்டு, இழுத்துவந்து, வலைப்பந்துக் கம்பத்தில் கட்டி, மற்ற மொட்டைகளை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவனாக அவனை அடிக்கச் சொன்னாங்களாம். பின்னேரம் வரை கிடந்துதான் செத்தானாம். நான் கோல் போட்ட கம்பம், அன்ரி.

அம்மா ஒவ்வொரு நாளும் காம்ப் வாசலில் போய்க் குழறுவா. கூடப் போனது பக்கத்து வீட்டுத் தில்லை மாமா. தில்லையம்பலம் என்று பெயர். ஆடு வளர்க்கிறவர், காம்புக்குப் பால் குடுக்கிறவர். வந்த ஆமியின் பாசையில் நாலு சொல் பிடித்துவைத்திருந்தார். அதை வைத்துக் காம்ப் பெரியவனிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார். 'அது எங்கட வேலை இல்லை, உங்கட ஆக்கள் உங்கட பிள்ளையளைப் பிடிக்கினம்' என்றானாம் அவன்.

தில்லை மாமா பால் கொடுத்துவிட்டு வரும்போது பள்ளிக்கூடத்துப் பூவரசில் குழை வெட்டி, தள்ளுவண்டியில் குவித்து ஆடுகளுக்குக் கொண்டு வருவார். ஒருநாள் அந்தக் குழைக்குள் கேதீஸ் கிடந்தான். வாசல் சென்றியில் காவலுக்கு நின்றவன் தில்லை மாமாவைக் கண்டால் சிரித்துக் கையைக் காட்டுகிறவன். அன்றைக்கும் சிரித்துக் கையைக் காட்டியிருக்கிறான். பிறகு தன்ரை ஆட்டுக்கொட்டில் பரணில் அண்ணனை ஒளித்துவைத்ததும் அவர்தான். நல்ல மனுசன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குழை எப்படியும் கொண்டு வருகிறவர்தானே.

அவருடைய மனுசி புஸ்பம் மாமி இப்போது என்னைக் கண்டால் காறித் துப்புகிறா. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். நான் அவவுக்கு என்ன செய்தேன்? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கோ.

வந்த ஆமி போகப்போகிறது என்று கதை வந்தது. பிறகு உண்மையாகவே போகத் தொடங்கிவிட்டது. போகும்போது சின்ன இயக்கத்துக்குப் பெட்டி பெட்டியாகத் துவக்கும் வெடியும் இறக்கிக் குடுத்துவிட்டுப் போனாங்கள், இவங்கள் ஊரைப் பிடித்து வைத்திருப்பாங்களாம். கடைசி லொறியின் தூசி அடங்கவில்லை, ஊர் பெரிய இயக்கத்தின் கையில். சின்ன இயக்கம் பள்ளிக்கூடத்துக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தது.

பெரிய இயக்கம் வந்ததும் தேடினது மொட்டைகளைத்தான், மொட்டை என்றால் சின்ன இயக்கத்து ஆள் என்று கணக்கு. எல்லா அம்மாமாரும் காம்பிலிருந்து தப்பி வந்த பிள்ளைகளைப் பரணிலும் கிணற்றடியிலும் ஒளித்துவைத்துத் தலையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். அம்மா சின்ன வெங்காயம் அரைத்துப் பூசினா. மயிர் என்ன, கீரையா, தண்ணி ஊற்ற முளைக்க? அரை விரல் கூட வரவில்லை. அடுத்த ஊர்ச் சந்தியில் மூன்று மொட்டைகளை முழங்காலில் இருத்தினாங்கள். 'முருகனுக்கு நேத்தி அண்ணை, நேத்தி' என்று மூன்று பேரும் கத்தியிருக்கிறாங்கள். 'முருகன் வந்து சொல்லட்டும்' என்றுவிட்டுச் சுட்டாங்கள். அதில் ஒருவன் உண்மையாகவே நேர்த்திக்கு மொட்டை போட்டவன். தலையில் பூசின சந்தனம் காயவில்லை. நான் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். சந்தனத்தில் ஓட்டை.

வீட்டுக்கு வந்து சொன்னேன்: "நேத்தி சரிவராது. மொட்டை எண்டால் செத்தவீட்டு மொட்டைதான் சரி. அப்பா சாகவேணும்."

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஊருக்குள் ஆக்களை ஏற்றி இறக்குகிற தட்டிவான் ஓட்டுகிறவர், வைரவநாதன் என்று பெயர். எதற்கும் பகிடி விடுகிற ஆள்.

"சோத்தைத் திண்டு முடிக்கட்டோ, இல்லை இப்பவே சாகவோ?"

"பகிடி இல்லை அப்பா. கொள்ளி வைக்கிற மகனுக்கு மொட்டை அடிச்சால் ஆர் கேக்கிறது?"

"எடியேய், என்ரை பிரேதத்துக்கு எங்க போறது?"

"இப்ப ஆரின்ரை பிரேதம் கிடைச்சிருக்கு? தர்ப்பையில ஆள் செய்து எரிக்கிறதுதானே."

அம்மா காதைப் பொத்தினா. "நாசமாப் போவாளே, என்ரை தாலியை வைச்சு விளையாடுறாய்."

"தாலியோ அண்ணாவோ, சொல்லுங்கோ."

அப்பா கையைக் கழுவினார். இருமல்காரர் அவர். கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "பெட்டை சொல்லுறது சரிதானப்பா. நான் செத்தால் ஒருத்தருக்கும் நட்டமில்லை. வான்தான் பாவம்" என்றார்.

யோசனை என்னுடையது. நல்ல யோசனை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலமை அப்பா வானை எடுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்துக்கு அங்கால் பனங்கூடலில் விட்டுவிட்டு, கண்ணாடியைக் கல்லால் குத்தி உடைத்துவிட்டு, நடந்து போய்விட்டார். எங்கள் சாம்பல் கோழியை அறுத்து, அந்த இரத்தத்தில் அவர் போடுகிற சேட்டைத் தோய்த்து நான்தான் கட்டிக் குடுத்தேன். அதைச் சீற்றில் போட்டுவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் ஆக்கள் கண்டுவிட்டார்கள். வானும் இரத்தமும் மட்டும். சின்ன இயக்கம் சுட்டு உடலை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று ஊரே சொன்னது. நான் ஒரு வார்த்தை சொல்லத் தேவைப்படவில்லை.

செத்தவீடு நன்றாக நடந்தது. பறை அடித்தார்கள். பெண்டுகள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். கேதீஸின் தலையில் வெங்காயம் பூசி வளர்த்த மயிரையும் சலூன்காரர் வழித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தாலி கழற்றும்போதுதான் பிசகப் பார்த்தது. தாலியைப் பிடித்த கையை விடமாட்டேன் என்று நிலத்தில் உருண்டு கத்தினா. அவ்வளவு அழச் சொல்லி நான் சொல்லவில்லை. ஆனாலும் நல்லதாகப் போய்விட்டது, ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை.

தர்ப்பை ஆளோடு பாடை எழும்பும்போது தில்லை மாமா படலையடியில் என் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்து கிடந்தது. மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை நளா, கொப்பர் இருமலுக்கு மருந்து கொண்டு போனவரோ?"

மனுசன் அழுது அழுது குழம்பிப் போனார். செத்தவருக்கு என்ன இருமல்?

எட்டுச் செலவுக்கு முதல் பெரிய இயக்கத்தின் பொறுப்பாளர் வீட்டுக்கு வந்தார். கீரன் என்று இயக்கப் பெயர். மரியாதையாகக் கதைக்கிறவர். செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவின் படத்துக்குப் பூப் போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"தங்கச்சி, அப்பா அண்டைக்கு அந்த ரோட்டால போறார் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"வீட்டுக்குத் தெரியும்."

"பக்கத்து வீட்டுத் தில்லையம்பலம் காம்புக்குப் பால் குடுத்தவர், என்ன?"

"ஓம்."

"அவங்கட பாசை கதைக்கிறவர்?"

"கொஞ்சம்."

"அண்டைக்குக் காலமை இஞ்ச வந்தவரோ?"

"ஓம். பால் கொண்டு வந்தவர்."

"அவர்தான் பள்ளிக்கூடத்தில இருக்கிறவங்களுக்குச் சொல்லியிருப்பாரோ?"

"எனக்குத் தெரியாது."

பாருங்கோ, இதில் எங்கே பொய் இருக்கிறது? எல்லாம் உண்மை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். தெரியாது என்றால் தெரியாதுதானே. 'இல்லை, அவர் நல்லவர், அண்ணனைக் காப்பாற்றினவர்' என்று சொல்ல முடியுமா? எங்கே இருந்து காப்பாற்றினவர் என்று அடுத்த கேள்வி வரும்.

மரக்காலைச் சந்தியில் லைற் கம்பத்தில் அவரைக் கட்டினாங்கள். ஊரைக் கூப்பிட்டாங்கள். போகாமல் இருந்தால் பிழை, போனோம். மொட்டைத் தலையோடு கேதீஸ் முன்னுக்கு நின்றான், செத்தவரின் மகன் என்று அவனுக்குத்தான் முதல் இடம். தில்லை மாமாவின் வாய் உடைந்து, ஒரு கண் மூடிக் கிடந்தது. விரல்களைப் பார்க்க முடியவில்லை. "வைரவநாதனைக் காட்டிக்குடுத்தனியோ?" என்று கீரன் கேட்டார். தில்லை மாமா கேதீஸின் தலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு புஸ்பம் மாமியைத் தேடி, "ஆடுகளுக்குத் தண்ணி வை" என்றார். அவ்வளவுதான். நெற்றியில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. கயிறு பிடித்துக்கொண்டிருந்ததால் விழவில்லை, தலை மட்டும் தொங்கியது. காட்டிக்குடுத்தது ஆரை என்று மட்டையில் அப்பாவின் பெயரை எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டாங்கள்.

எனக்கு என்ன பயம் என்றால், கேதீஸ் காம்பில் இருந்ததைத் தில்லை மாமா அடி தாங்காமல் சொல்லிவிடுவாரோ என்று. நல்ல காலம், சொல்லவில்லை. அப்பா விசயம் அவருக்குத் தெரியாதபடியால் அது தப்பிவிட்டது.

ஆனால் புஸ்பம் மாமி பிணத்தை அவிழ்க்கும்போது என் முகத்தில் துப்பிவிட்டு, காதுக்குள் சொன்னா: "உன்ரை கொப்பன் உசிரோட இருக்கிறானடி. என்ரை மனுசன் எங்க?" அவவுக்கு யார் சொன்னது? சந்தேகத்தில் கதைத்திருப்பா. உண்மையாகத் தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே கீரனிடம் சொல்லியிருப்பாதானே? இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. பிறகு எதற்குத் துப்புகிறது? தில்லை மாமாவைச் சுட்டது நானா?

எட்டுச் செலவு அன்றைக்குக் கீரன் திரும்ப வந்தார். சாக்கில் சுற்றி ஒரு துவக்கு.

"காட்டிக்குடுத்தவனுக்குக் குடுத்தாச்சு. சுட்டவங்கள் உள்ளுக்க இருக்கிறாங்கள். மகன் வரவேணும்" என்றார்.

கேதீஸ் அம்மாவைப் பார்த்தான். அம்மா வெள்ளைச் சீலையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

"அப்பனைச் சுட்டவனை விட்டுட்டு வீட்டில இருக்கிறதோ, தம்பி?"

என்ன சொல்வது? 'அப்பாவை ஒருத்தரும் சுடவில்லை' என்றா? எழும்பிப் போனான். இதை நான் யோசிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் ஆராலும் யோசித்திருக்க முடியாது.

பயிற்சியில் அவனுக்குக் குடுத்தது வந்த ஆமியின் துவக்கு. சின்ன இயக்கத்தின் சென்றியில் பறித்தது. சின்ன இயக்கத்தில் மண் குழாய் அடியோடு அவன் கழற்றிப் பூட்டப் பழகினது அதே சாதித் துவக்கைத்தான். தெரியாத மாதிரி நடிக்கவேண்டும் என்று தலைகீழாகப் பிடித்தானாம். எல்லாரும் சிரித்தாங்களாம்.

பள்ளிக்கூடத்தை விடியற்காலை அடித்தாங்கள். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. சின்ன இயக்கத்தின் பெரியாக்கள் எல்லாம் முதலே வந்த ஆமியோடு கப்பல் ஏறிவிட்டாங்கள். உள்ளே இருந்தது பிடித்துக்கொண்டு வந்த மொட்டைகள்தான். பெனியனைக் கழற்றித் தடியில் கட்டிக்கொண்டு கையைத் தூக்கி வந்தாங்கள். அதில் அன்ரன் என்று ஒருவன். காம்பில் கேதீஸும் அவனும் ஒரு கோப்பையில் சாப்பிட்டவங்கள். அவன் இவனைக் கண்டுவிட்டான்.

"கேதீஸ்! டேய் கேதீஸ்! நான்தானடா, அன்ரன்!"

கீரன் திரும்பிக் கேதீஸைப் பார்த்தாராம். 'இவனுக்கு உன்னை எப்பிடித் தெரியும்' என்று கேட்க வாய் திறக்கவில்லை, அதற்குள் கேதீஸ் சுட்டுவிட்டான். கழுத்தில் பட்டது. அன்ரன் கழுத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் இருந்து, திரும்பவும் பெயரைச் சொல்லப் பார்த்திருக்கிறான். சத்தம் வரவில்லை, இரத்தம்தான் வந்தது. உதடு மட்டும் கேதீஸ், கேதீஸ் என்றதாம். இன்னும் இரண்டு போடவேண்டி வந்தது. 'அப்பனின்ரை கோபம்' என்று கீரன் முதுகில் தட்டினாராம். மிச்சப் பேரை வலைப்பந்துத் திடலில் நிறுத்தி முடித்தாங்கள். அதிலும் கேதீஸ் நின்றான்.

உள்ளே துவக்குகள் பெட்டி உடைக்காமல் கிடந்தன, அன்ரி. எண்ணெய்க் கடதாசி கூடப் பிரிக்கவில்லை. லொறி லொறியாக ஏற்றினாங்கள். முந்தி நாலு பேருக்கு ஒரு துவக்கோடு பற்றைக்குள் ஒளித்துத் திரிந்தவங்கள், இப்போது எந்தச் சந்தியில் பார்த்தாலும் புதுத் துவக்கோடு நிற்கிறாங்கள். எதிர்த்துக் கதைக்க ஒரு இயக்கம் மிச்சமில்லை. எனக்கு அந்த ஆமியை நினைத்தால்தான் பத்திக்கொண்டு வரும். அடுத்தவன் வீட்டு விசயத்தில் கையை வைக்கும்போது, இது எங்கே போய் முடியும் என்று ஒருக்கால் யோசிக்கவேண்டாமா? படித்தவங்கள்தானே! குழப்பிவிட்டுக் கப்பல் ஏறினால் சரியா?

கேதீஸுக்கு இப்போது தோள் வரை மயிர். பெயரும் வேறு. எங்கள் ஊர்ச் சந்திக்கு அவன்தான் பொறுப்பு. உயிரோடு இருக்கிறானா இல்லையா? அதற்காகத்தானே இவ்வளவும். சொன்னால் அம்மா எழும்பிப் போய்விடுகிறா. என்னோடு கதைப்பதே இல்லை.

போன கிழமை மில்லில் இருந்து ஒரு லொறிக்காரர் செய்தி கொண்டு வந்தார். அப்பாவுக்கு இருமல் கூடிவிட்டதாம், மூட்டை தூக்க ஏலாதாம், சண்டைதான் முடிந்துவிட்டதே, வீட்டுக்கு வரப்போகிறாராம். கேதீஸ் சாப்பிட வந்தபோது சொன்னேன். அப்பாவின் படத்துக்கு நேரே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படத்துக்கு மாலை, முன்னால் விளக்கு. நிமிரவில்லை.

"வந்தால், தில்லை மாமாவை ஏன் சுட்டது எண்டு கேப்பினம். அன்ரனுக்கு என்ரை பேர் எப்பிடித் தெரியும் எண்டு கேப்பினம்."

"அப்ப என்ன செய்யிறது?"

"செத்தவரைச் செத்தவராவே இருக்கச் சொல்லு." குழம்பை விட்டுப் பிசைந்தான். "இல்லை, வரத்தான் போறன் எண்டால், சந்தியில நான்தான் நிப்பன் எண்டு சொல்லு."

அதைச் சொல்லத்தான் போகிறேன். இருமல் மருந்தும் இரண்டு போத்தல் வாங்கியிருக்கிறேன்.

ஐயோ, பஸ் நிற்கிறது. சென்றி. பாருங்கோ, ஏறுகிறாங்கள். ஊரை விட்டுப் போகிறதற்குப் பாஸ் கேட்பாங்கள், என்னிடம் இல்லை. எங்கே போகிறேன் என்று எழுதிக்குடுத்துத்தானே பாஸ் எடுக்கவேண்டும், எதை எழுதுவது?

பயப்படாதீர்கள் அன்ரி, எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. நீங்கள் என்ரை மாமி. உங்கட மனுசன் மன்னாரில் செத்துப்போனார், செத்தவீட்டுக்குப் போகிறோம். செத்தவீட்டுக்கு என்றால் மறிக்கமாட்டாங்கள். குங்குமத்தை மட்டும் அழியுங்கோ, கெதியா. தாலிக்கொடியைச் சட்டைக்குள் விடுங்கோ.

என்ன, அவர் இருக்கிறாரோ? இருந்தால் இருக்கட்டுமே. இந்தச் சென்றி தாண்டும் வரைக்கும்தானே.